கண்ணைத் தாழ்த்தாதவள்

மாலை ஆறு மணிதான். ஆனால் நவம்பர். நம் ஆற்றங்கரையில் நவம்பர் மாதத்து ஆறு மணி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கரைமேல் போகும் ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் நெட்டை மரங்கள். பனிமூட்டத்தில் முதல் மரம் தெரியும்... அடுத்தது தெரியாது. அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். கையில் ஒரு மரப்பெட்டி.

அமேதேயோ, அந்தக் கதவைச் சாத்து. குளிர் உள்ளே வருகிறது. கரையைக் காக்க அடுத்த காவல்காரர்கள் வர இன்னும் நேரம் இருக்கிறது, அதுவரை ஆறு ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. ஒயினை இந்தப் பக்கம் தள்ளு. எல்லோரும் அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள்.

இது என் சிநேகிதி நோர்மாவின் அத்தைக்கு நடந்தது. தெல்ஃபினா என்று பெயர். பொலோஞாவில் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தாள். அந்தப் பட்டறையில் இருந்த ஒரே பெண். ஆண்கள் எல்லாம் அவளுக்குத் தூரிகை கழுவும் வேலையே போதும் என்று நினைத்தார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. கோபக்காரி. நோர்மா சொல்வாள், ‘அத்தைக்குப் பயமே கிடையாதுன்னு இல்ல, பயந்தா கூடக் கொஞ்சம் கோவம் வரும், அவ்வளவுதான்’ என்று.

முதன்முதலாகத் தனியாக ஒரு வேலைக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். நம் பக்கத்து மாளிகை ஒன்றுக்கு. ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த அதே வருஷம். உடைப்பதற்குச் சில நாட்கள் முன்னால்.

பேருந்து அவளைக் கால்வாய்ப் பாலத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. நடக்கிறாள். சத்தமே இல்லை. அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும்... பிறகு, அது மட்டும் இல்லை.

பின்னால் ஒரு குழந்தைக் குரல்.

“ரோசா... ரோசே... ரோசே... ரோசாம்...”

சிரிக்காதீர்கள். நாம் எல்லோரும் அடி வாங்கிப் படித்த வாய்ப்பாடுதானே. லத்தீன் வகுப்பில் முதல் நாள் சொல்லித் தருவது. ரோசாப்பூ என்ற சொல்லை வேற்றுமை வேற்றுமையாக மாற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் குரல் ‘ரோசாம்’ வரைக்கும் வந்தது. நின்றது. மறந்துபோன மாதிரி ஒரு இடைவெளி. மறுபடி முதலிலிருந்து.

தெல்ஃபினா நின்றாள். குரலும் நின்றது. நடந்தாள். குரலும் தொடர்ந்தது. இருட்டில் எந்தக் குழந்தை பாடம் சொல்லிக்கொண்டு போகிறது? திரும்பிப் பார்த்தாள். வெள்ளை. வெறும் வெள்ளை.

நாமாக இருந்தால் ஓடியிருப்போம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? குரல் நின்ற இடத்தில், உரக்க, மீதியைச் சொல்லிக் கொடுத்தாள்.

“ரோசா, ரோசா. இதோட ஒருமை முடிஞ்சுது. வீட்டுக்குப் போ!”

அவள் காதுக்குப் பக்கத்தில்... இவ்வளவு பக்கத்தில்... யாரோ மூச்சு விட்டார்கள். அணைத்த எண்ணெய் விளக்கின் வாசனை. திரி கருகிய வாசனை.

மாளிகைக்கு மீதித் தூரம் அவள் நடக்கவில்லை. ஓடினாள்.

கதவைத் திறந்தவள் சமையல்காரி எர்சிலியா. பெரிய உடம்பு, கையெல்லாம் சோளமாவு.

“யாராவது புள்ளைங்க வெளிய இருக்காங்களா?” என்று கேட்டாள் தெல்ஃபினா, மூச்சு வாங்க.

“இந்த மூட்டத்துல யாரு புள்ளைய வெளிய விடுவாங்க? இந்த வீட்டுல இருக்கிறதே ஒரு புள்ளதான். அது காய்ச்சல்ல மேல படுத்துக் கிடக்கு. உள்ள வாம்மா, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு.”

மாளிகைக்காரர் பெயர் ஒத்தோரினோ. அறுபது தாண்டியவர். சுற்றுவட்டாரத்தில் பாதி நிலம் அவருடையது. சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து விலாங்கு மீன் தின்றுகொண்டிருந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை.

“பட்டறைக்காரன் ஆம்பளைய அனுப்புவான்னு பாத்தேன்.”

“ஆம்பளைங்க எல்லாம் வேற வேலையா இருக்காங்க ஐயா. கஷ்டமான வேலைன்னு சொன்னாங்க, அதான் என்னை அனுப்பிட்டாங்க.”

அவர் மெல்லுவதை நிறுத்தி அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஓவியம் மாளிகையின் வடக்கு மூலையில், யாரும் புழங்காத அறையில் இருந்தது. முந்நூறு வருஷத்துக்கு முந்தையது. ஆளுயரம். இருண்ட பின்னணி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம்... அந்தக் காலத்து ஓவியர்களுக்கு அது ஒரு வெறி. நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் திறந்த பெரிய புத்தகம். காலடியில் கவராயம், கோளம், உலர்ந்துபோன மைக்கூடு. ‘கல்வி’ என்பதையே ஒரு பெண்ணாக உருவகித்து வரைந்தது. பக்கத்தில் ஒரு சிறு பெண் நிற்கிறாள், வலது கையில் ஒரு விளக்கைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருக்கிறாள். ஓவியத்தில் இருக்கும் அத்தனை வெளிச்சமும் அந்த விளக்கிலிருந்துதான்.

அந்தப் பெண் புத்தகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையையும் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தாள். அறைக்குள் நுழைகிறவனின் கண்ணுக்குள்ளே. ‘என்ன வேணும், சொல்லு’ என்று கேட்கிற மாதிரி.

“நகரத்துல ஒரு பெரிய சாமியார் தேவாலயத்துக்கு மாதா படம் தேடுறார்” என்றார் ஒத்தோரினோ. “இதைக் குடுத்தா என் பேர்ல ஒரு பீடம் வைப்பாங்க. ஆனா புஸ்தகத்தோட முறைச்சிக்கிட்டு இருக்கிறவளுக்கு யார் மெழுகுவத்தி ஏத்துவாங்க? புஸ்தகத்தை மறைச்சு லில்லிப் பூ வை. அந்தப் பொண்ணு எனக்கு வேணாம், அங்க குழந்தை ஏசு. முதல்ல அவ கண்ணைத் தாழ்த்து.”

“நல்ல ஓவியம் ஐயா. இப்படியே...”

“நான் உன்னை அபிப்பிராயம் கேக்கல.”

தெல்ஃபினா பல்லைக் கடித்துக்கொண்டாள். முதல் வேலை. இதை விட்டுவிட்டுத் திரும்பினால் ஆயுளுக்கும் தூரிகை கழுவ வேண்டியதுதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தாள். வர்ணம் பூசும் முன்னால் மெல்லிய மெருகெண்ணெய் ஒரு பூச்சு கொடுத்தாள். என்றைக்காவது யாராவது மேல் வர்ணத்தை அலுங்காமல் எடுத்துவிடலாம் இல்லையா... அதற்காக. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மறுநாள் முழுவதும் உட்கார்ந்து கண்களைத் தாழ்த்தினாள். இரண்டு இமைகள். இமையோரம் மெல்லிய மயிர்க்கோடு. நன்றாகவே வந்திருந்தது. பெண் இப்போது அடக்கமாக, யாரோ திட்டிய மாதிரி, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அறையைத் திறந்தால்... நேராகப் பார்க்கிறாள்.

தரையில், ஓவியத்துக்கு நேர் கீழே, இரண்டு இமைகள் கிடந்தன. சுரண்டிய தூள் இல்லை. கிழிந்த துண்டு இல்லை. முழுசாக, மயிர்க்கோட்டோடு, வெங்காயச் சருகு மாதிரி வளைந்து... அருகருகே.

எர்சிலியா எட்டிப் பார்த்தாள். கெட்டது அண்டாமலிருக்க இரும்பைத் தொட வேண்டும் என்று கதவுத் தாழைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு அப்பவே தெரியும். எங்கம்மா இந்த வீட்டுல வேலை செஞ்ச காலத்துலேர்ந்து இந்த ரூம்ல யாரும் தூங்கினதில்ல. இவ இந்த வீட்டுப் பொண்ணுதானாம். கிரேக்கம், லத்தீன் எல்லாம் கரைச்சுக் குடிச்சவளாம். புஸ்தகத்தை வைடின்னு அண்ணன்காரன் சொன்னானாம், வைக்க மாட்டேன்னுட்டாளாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னன்னு யாருக்குத் தெரியும். புஸ்தகம்தான் இன்னும் கையில இருக்கே.”

“இந்தக் குழந்தை யாரு?”

எர்சிலியா ஓவியத்தைப் பார்க்காமலே தலையை ஆட்டினாள். “அத மட்டும் எங்கம்மா சொல்லவே மாட்டா.”

ஒத்தோரினோ வந்தார். இமைகளைக் காலால் நசுக்கினார். “உதிர்ற மாதிரி வர்ணம் அடிச்சா நான் சளைச்சு விட்டுடுவேன்னு பாக்குறியா? திரும்ப அடி.”

திரும்ப அடித்தாள். இந்தத் தடவை மெருகெண்ணெய் பூசவில்லை. அது முக்கியம், காதில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணையும் தாழ்த்தினாள், புத்தகத்தின் மேல் லில்லிப் பூக்களையும் வரைந்தாள். இரவு அவள் படுத்திருந்த அறைக்குக் கீழேயிருந்து சத்தம் வந்தது. காகிதம் புரளும் சத்தம். ஒரு பக்கம்... நிறுத்தம்... இன்னொரு பக்கம். நிதானமாக. யாரோ தேடுகிற மாதிரி இல்லை, படிக்கிற மாதிரி.

காலையில் தரையெல்லாம் லில்லி இதழ்கள். வர்ண இதழ்கள். கண் திறந்திருந்தது. மடியில் புத்தகம். அதன் திறந்த தாளில் எழுத்து மாதிரி ஓடும் கோடுகளில் ஒன்று மட்டும் மினுங்கியது. தெல்ஃபினா தொட்டுப் பார்த்தாள். விரல் கறுப்பாகிவிட்டது. ஈர மை. காலடியில் இருந்த மைக்கூடு... வரைந்த மைக்கூடுதான், உலர்ந்ததாக வரைந்தது... அதன் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கியது.

அவளுக்கு இது போதும் என்று ஆகிவிட்டது. உண்மை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்றுதான் மேலே போனாள்.

படியில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஒத்தோரினோவின் பேத்தி. நீவெஸ். பத்து வயசு. மகன் செத்துப்போனதும் கிழவர் பேத்தியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். மருமகள் யோலேவை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். அவள் ஃபெர்ராராவில் ஒரு சலவைக்கடையில் வேலை செய்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கன்னத்தில் அறைந்த தடம்.

“யாரு அடிச்சா?”

“தாத்தா. அஞ்சாவதோட போதும்னுட்டாரு. இனிமே கன்னியாஸ்திரிங்ககிட்ட பூத்தையல் கத்துக்கணுமாம். நான் மாட்டேன்னேன். என் புஸ்தகத்தை எல்லாம் அடுப்புல போட்டுட்டாரு.”

“அழுதியா?”

“இல்ல. அவர் முன்னாடி அழல.” பிறகு, குரலைத் தாழ்த்தி, “அக்கா, எனக்கு லத்தீன் தெரியும். சொல்லட்டுமா? ரோசா, ரோசே, ரோசே, ரோசாம்... ரோசா, ரோசா. கடைசி ரெண்டும் ரொம்ப நாளா தெரியாம இருந்துச்சு. அதுக்கும் தெரியல. அன்னிக்கு ராத்திரி ஓடிவந்து சொல்லுச்சு, ரோட்டுல ஒரு அக்கா சொல்லிக் குடுத்தாங்கன்னு.”

தெல்ஃபினா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“எது வந்து சொல்லுச்சு?”

“கீழ இருக்கிற பொண்ணு. தினமும் வரும். நல்ல பொண்ணுதான். ஆனா கை வலிக்குது, கை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரம் நீ புடிக்கிறியான்னு கேக்குது.”

“நீ என்ன சொன்ன?”

“யோசிச்சு சொல்றேன்னேன்.”

பெட்டியைக் கட்டவில்லை தெல்ஃபினா. அன்றைக்கு ஓவியத்தைத் தொடவும் இல்லை. பகல் முழுக்க நீவெஸ் பக்கத்திலேயே இருந்தாள். ராத்திரியும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே மழை. ஆறு ஏறிக்கொண்டிருப்பதாக ஆட்கள் கரைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நாம் கேட்கிறோமே, அதே உறுமல்.

கண்ணயர்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விழித்ததற்குக் காரணம் அந்த வாசனை. கருகின திரி.

கட்டில் காலி.

வெறுங்காலோடு கீழே ஓடினாள். வடக்கு அறையின் கதவுக்கு அடியில் மஞ்சள் வெளிச்சம். தள்ளித் திறந்தாள்.

ஓவியத்துக்கு முன்னால் நீவெஸ் நின்றுகொண்டிருந்தாள். இரவு உடையோடு. வலது கையைத் தலைக்குமேல் நேராகத் தூக்கிக்கொண்டு. கையில் எரியும் பித்தளை விளக்கு. அப்படி ஒரு விளக்கு அந்த வீட்டிலேயே கிடையாது. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. கை மட்டும்... நடுங்கிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது.

தெல்ஃபினா ஓவியத்தைப் பார்த்தாள். பெண் இருந்தாள். புத்தகம் இருந்தது. குழந்தை நிற்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு.

அறையின் மூலையில் யாரோ சின்னதாக, சுகமாக, கொட்டாவி விட்டார்கள்.

விளக்கைப் பிடுங்கப் பார்த்தாள் தெல்ஃபினா. வரவில்லை. கல்லில் பதித்த மாதிரி. நீவெஸின் விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன. தூக்கப் பார்த்தாள், குழந்தையின் பாதம் தரையை விட்டு அசையவில்லை.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நோர்மா சொன்னது நினைவிருக்கிறதா... பயம் முற்றினால் கோபம். திரும்பி, ஓவியத்துப் பெண்ணுக்கு நேராக நின்றாள். அந்தக் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்தாள்.

“உன் புஸ்தகத்தைப் புடுங்கப் பாத்தாங்க, நீ குடுக்கல. சரி. உன் கண்ணை நான் ரெண்டு தடவை மூடினேன், அது தப்பு. இனிமே இந்தக் கையால செய்ய மாட்டேன், யார் சொன்னாலும். ஆனா இது உயிரோட இருக்கிற புள்ள. இதுக்குக் கை வலிக்குது. நீ படிக்கிறதுக்கு ஒரு புள்ள ராப்பகலா விளக்குப் புடிக்கணும்னா, உனக்கும் உங்கண்ணனுக்கும் என்ன வித்தியாசம்?”

மழைச் சத்தம்.

“இவ படிப்பா. அதை நான் பாத்துக்கிறேன். ஆனா இங்க இல்ல. உனக்காக இல்ல. அவளுக்காகப் படிப்பா. விடு.”

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அத்தையால் சொல்ல முடிந்ததில்லை. கண் எரிந்தது, தண்ணீர் வழிந்தது, சிமிட்டவில்லை. சிமிட்டினால் தோற்றுவிடுவோம் என்று ஏனோ தோன்றியதாம்.

பிறகு... புத்தகம் மூடும் சத்தம். கனமான அட்டை, ‘தொப்’ என்று.

நீவெஸின் கையிலிருந்து விளக்கு கழன்றது. கீழே விழும் சத்தம் கேட்கவில்லை. இருட்டு. குழந்தை அவள்மேல் சாய்ந்தது.

விடியும் முன்னால் இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். எர்சிலியா ரொட்டியைத் துணியில் முடிந்து கொடுத்தாள், தன் கம்பளிச் சால்வையைக் குழந்தைக்குப் போர்த்தினாள். முன்வாசலில் ஒத்தோரினோ நின்றிருந்தார்.

“என் பேத்தியை எங்க கூட்டிக்கிட்டுப் போற?”

“அவங்க அம்மாகிட்ட.”

“இவளை விட்டுட்டு உள்ள போய் வேலையை முடி. இல்லன்னா பொலோஞாவுல எந்தப் பட்டறையிலயும் உன்னைச் சேக்காத மாதிரி பண்ணிடுவேன்.”

“பண்ணுங்க. வழியை விடுங்க.”

“கண்ணைத் தாழ்த்திப் பேசுடி!”

தெல்ஃபினா தாழ்த்தவில்லை. அதைவிட, அவள் தோளுயரம்கூட இல்லாத நீவெஸ் தாத்தாவை அண்ணாந்து பார்த்தாளாம். நேராக. அந்தப் பார்வையைக் கிழவர் அதற்கு முன்னால் எங்கேயோ பார்த்திருக்கிறார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அந்த ஒரு அடி இடைவெளியில் இரண்டு பேரும் வெளியே போய்விட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்தது எர்சிலியா சொன்னது. அவள் பொய் சொல்லும் ஆள் இல்லை.

கிழவர் நேராகக் கொட்டகைக்குப் போனார். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு ஒரு வாளி, அகலத் தூரிகை. “நானே மூடுறேன்டி உன் கண்ணை” என்று கத்திக்கொண்டே வடக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வாளியைத் தரையில் வைக்கும் சத்தம். திட்டும் சத்தம். தூரிகை சுண்ணாம்பில் முங்கும் சத்தம்.

பிறகு அமைதி.

எர்சிலியா கதவுக்குப் பக்கத்தில் வந்தாள். அந்த வீட்டில் இருந்த ஒரே குழந்தை அந்நேரம் கரைச்சாலையில் வெகுதூரம் போயிருக்கும். ஆனாலும் உள்ளேயிருந்து ஒரு குழந்தைக் குரல் கேட்டது. மரியாதையாக, கெஞ்சுகிற மாதிரி.

“தாத்தா, இதைக் கொஞ்சம் புடிங்க.”

எர்சிலியா ஓடிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் ஆறு உடைத்துக்கொண்டது.

அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சுவர்களிலும் அந்தத் தண்ணீர்க் கோடு இருக்கும். பல மாதம் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது மாளிகைக்குள் போனார்கள். வடக்கு அறையில் கோடு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓவியம் மட்டும் காய்ந்து, தூசி படிந்து, சுவரில் தொங்கியது. கீழே சேற்றில் வாளி. தூரிகை. ஒத்தோரினோவை ஆறு கொண்டுபோய்விட்டது என்று எழுதிக்கொண்டார்கள். உடல் கிடைக்கவில்லை. அந்த வருஷம் எத்தனையோ பேருடையது கிடைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

தெல்ஃபினாவைப் பட்டறை சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் தனியாகப் பட்டறை வைத்தாள், பெண்களை மட்டுமே வேலைக்கு எடுத்தாள். நீவெஸ் படித்தாள். அம்மா பகலில் துணி வெளுத்து, ராத்திரியில் இஸ்திரி போட்டுப் படிக்க வைத்தாள். மகள் டாக்டரானாள். நான் அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல டாக்டர், வாய் கொஞ்சம் நீளம். வலது தோள் மட்டும் இன்றைக்கும் இடதைவிட உயர்ந்தே இருக்கிறது.

ஓவியம் இப்போது நம் நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. போய்ப் பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள். பெண் நேராகத்தான் பார்க்கிறாள். புத்தகம் திறந்திருக்கிறது. ஆனால் குழந்தை நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்து, வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, புத்தகத்தை எட்டிப் பார்க்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

அப்படியென்றால் விளக்கு? விளக்கு இருக்கிறது. அதே இடத்தில், அதே உயரத்தில். ஓவியத்தின் ஓரத்திலிருந்து, சட்டத்துக்கு வெளியேயிருந்து ஒரு கை நீண்டு அதைப் பிடித்திருக்கிறது. வெறும் கை. முழங்கை வரைக்கும். ரோமிலிருந்து நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். எல்லாம் ஒரே காலத்து வர்ணம்தான், பிறகு சேர்த்தது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சிரிக்காதே அமேதேயோ. போன வாரம் நான் போயிருந்தேன். அங்கே கூட்டித் துடைக்கும் அம்மா ஒருத்தி, பல வருஷமாக அங்கேதான் வேலை. நான் ரொம்ப நேரம் அதன் முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

“அந்தக் கையைத்தானே பாக்குறீங்க?” என்றாள். “ராத்திரி பூட்டுறப்ப கொஞ்சம் கீழ எறங்கியிருக்கும் சார். காலையில தொறந்தா திரும்ப மேல இருக்கும். எனக்கு அது பழகிப்போச்சு. இந்த நகத்தைப் பாருங்க... நான் வேலைக்குச் சேந்தப்ப இவ்வளவு நீளம் இல்ல.”